பட்டப்பகலில் தூங்கிய குற்றம்

ஜெயசீலனுக்கு உடம்பு தேறியதில்தான் தொல்லை எல்லாம் ஆரம்பித்தது.

அதுவரை அவன் உடம்பு, ராத்திரி வேலை பார்க்கிறவனின் உடம்பு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி முறையாகக் கெட்டுக்கொண்டு வந்தது. சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி, கார்களுக்கு முன்கண்ணாடி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கிரேன் ஓட்டினான். ராத்திரியில் மின்சாரம் மலிவு. ஆகவே கண்ணாடியைச் சூடேற்றி வளைக்கிற அடுப்புகள் ராத்திரியில்தான் எரியும். அடுப்பு எரிந்தால் ஆட்களும் விழித்திருந்தாக வேண்டும். இப்படி வருடக்கணக்கில் விழித்திருந்ததில் நெஞ்செரிச்சல் வந்தது, சர்க்கரை வந்தது, பக்கத்து வீட்டுக் குழந்தை சிரித்தால்கூடப் பற்றிக்கொண்டு வருகிற கோபம் வந்தது. காலையில் வந்து படுத்தால் தகரக் கூரை தோசைக்கல்லாகக் காயும். இரண்டு வீடு தள்ளி மாவு மில் ஓடும். தூங்கினோமா, தூங்கியதாக நினைத்துக்கொண்டு கிடந்தோமா என்பது அவனுக்கே விளங்காது.

கம்பெனி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. நலவாழ்வு வகுப்பு நடத்தியது. சென்னையிலிருந்து நிபுணர் ஒருவர் வந்து திரையில் படங்கள் போட்டுக் காட்டினார். இருட்டான, குளுமையான, சத்தமில்லாத அறையில் ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். எண்ணெய்ப் பண்டம் கூடாது. மனதில் கவலை கூடாது. படத்தில் இருந்தவன் வெள்ளைக்கார முகத்தோடு, கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, ஒரு ஊரே படுக்கக்கூடிய மெத்தையில் புன்னகையோடு தூங்கினான்.

தொழிற்சங்கத் தலைவர் கன்னியப்பன் எழுந்தார். கண்ணாடித் தகடுகளை அடுக்குகிற பிரிவில் மூத்த ஆள்.

“சார், நாங்க படுக்கிற நேரத்துல மாவு மில்லு ஓடுது. அத்த இன்னா பண்றது?”

“காதுல பஞ்சு வெச்சுக்கலாம்.”

“தகர ஷீட்டு சார். சித்திரை மாசம்.”

“ஈரத் துணியை விரிச்சுப் படுக்கலாம்.”

“நீங்க எத்தினி மணிக்கு சார் தூங்குவீங்க?”

“நானா? பத்து மணிக்கெல்லாம் தூங்கிடுவேன். ராத்திரி பத்து.”

எல்லோரும் கைதட்டினார்கள். வகுப்பு வெற்றிகரமாக முடிந்ததென்று நிபுணர் நம்பிப் போனார்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் அந்த ஊசி வந்தது.

கம்பெனி டாக்டர் ரகோத்தமன் நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூடப் பிரசாதம் கொடுப்பதுபோலக் கொடுப்பார். ஜெயசீலனையும் அவன் மனைவி நிரோஷாவையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

“மூளைக்கு அடியில, ரெண்டு கண்ணு நரம்பும் சந்திக்கிற இடத்துக்கு மேல, கேழ்வரகு மாதிரி துளியூண்டு ஒரு இடம் இருக்கு. அதுதான் உடம்போட கடிகாரம். எப்ப பசிக்கணும், எப்ப தூங்கணும், ஈரல் எப்ப வேலை செய்யணும், எல்லாத்துக்கும் அதுதான் மேஸ்திரி. அது சூரிய வெளிச்சத்தைப் பார்த்து மணி வெச்சுக்குது. நீங்க ராத்திரி முழிச்சிருந்தா மேஸ்திரி ஒண்ணு சொல்றான், நீங்க ஒண்ணு செய்யறீங்க. உடம்பு கெட்டுப்போறது இந்தச் சண்டையிலதான். இந்த ஊசி மேஸ்திரி கண்ணைக் கட்டிட்டு முள்ளைப் பன்னெண்டு மணி நேரம் தள்ளி வெச்சிடும். அப்புறம் சூரியன் எங்க இருந்தாலும் அவனுக்குக் கவலை இல்லை. உங்களுக்கு ராத்திரிங்கிறது பகல். பகல்ங்கிறது ராத்திரி.”

“மறுபடி பழையபடி திருப்ப முடியுமா டாக்டர்?” என்று நிரோஷா கேட்டாள்.

“எதுக்கும்மா திருப்பணும்? வீட்டுக்காரர் வேலையை விடப்போறாரா?”

ஜெயசீலன் சட்டைக் கையை மடித்தான். ராத்திரிப் பிரிவில் இருந்த எல்லோரும் ஒரு வாரத்துக்குள் மடித்துவிட்டார்கள். கன்னியப்பன் மட்டும் கொஞ்சநாள் முரண்டு பிடித்தார். பிறகு அவருக்கும் ஒருநாள் நெஞ்சு படபடத்தது, அவரும் மடித்தார்.

ஊசி சொன்னதைச் செய்தது. இதைச் சொல்லாமல் விட்டால் டாக்டருக்குத் துரோகம். ஜெயசீலன் காலையில் படுத்தால் மாவு மில் அல்ல, மில்லையே தூக்கி அவன்மேல் போட்டாலும் எழுந்திருக்க மாட்டான். சர்க்கரை இறங்கியது. நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை. வேலைக்குப் போகும்போது முகத்தில், கல்யாணத்துக்கு முன் இருந்த களை. டாக்டர் அவனுடைய பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, பேரன் மதிப்பெண்ணைப் பார்ப்பவர்போலச் சந்தோஷப்பட்டார். தெருவில் அவனுக்கு ‘அமெரிக்காக்காரர்’ என்று பேராகிவிட்டது. டீக்கடையில், “இன்னா, உங்க ஊர்ல இப்ப காலை டிபனா?” என்று கேட்டார்கள். சாயங்காலம் அவன் அங்கே இட்லி கேட்பான்.

வீட்டில் ஒரே ஒரு பாய். காலையில் நிரோஷாவும் மகள் இனியாவும் எழுந்த சூட்டோடு அவன் அதில் படுப்பான். அவன் எழுந்தபின் சற்றுநேரம் அது சுருட்டிக் கிடக்கும். மறுபடி அவர்கள் படுப்பார்கள். நிரோஷா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அவள் கிளம்புகிற அவசரத்தில் அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு உள்ளே நுழைவான். சாயங்காலம் அவள் அலுத்துப்போய்ச் சுவரில் சாய்கிறபோது, அவன் குளித்து, தலைசீவி, பெண் பார்க்கப் போகிறவன்போல உற்சாகமாக இருப்பான். “எங்கயாச்சும் வெளிய போலாமா?” என்பான். அவளுக்கு அப்போது பாய்க்குப் போகத்தான் ஆசை.

விடுமுறை நாளிலும் இதேதான். முன்பெல்லாம் விடுமுறை நாளில் தள்ளாடியாவது குடும்பத்தோடு பகலில் விழித்திருப்பான். கெட்டுப்போன உடம்பு எதற்கும் இணங்கிப் போகும். இப்போது உடம்பு நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது, கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காது. நிரோஷாவின் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனார்கள். முகூர்த்தம் காலை பத்தரைக்கு. பந்தியில் உட்கார்ந்து, பாயசம் ஊற்றியதும், ஜெயசீலன் மெதுவாகக் குனிந்து இலையிலேயே முகத்தை வைத்துத் தூங்கிப்போனான்.

“பட்டப்பகல்ல குடிச்சிட்டு வந்துக்கிறான் மாப்ள,” என்றான் மைத்துனன்.

“அவரு குடிக்கல. அவருக்கு இப்ப நடு ராத்திரி,” என்றாள் நிரோஷா.

“எல்லாக் குடிகாரனும் அதான் சொல்றான்.”

அவள் புடவைத் தலைப்பால் புருஷன் மூக்கிலிருந்து சேமியாவை எடுத்துவிட்டாள். பஸ்ஸில் வீடு வரும்வரை அவன் அவள் தோளில் தூங்கிக்கொண்டு வந்தான். அந்த வருடம் அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்திருந்தது அந்த ஒருநாள்தான்.

சென்னையில் ஒரு விழா நடத்தி, மாநிலத்தின் மிக ஆரோக்கியமான இரவுத் தொழிலாளி என்று அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். விழா பகல் பன்னிரண்டு மணிக்கு. இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, கண்ணை மூடியபடியே கேடயத்தை வாங்கினான். கம்பெனிப் பத்திரிகையில் அந்தப் படத்தின் கீழே ‘மன அமைதியின் மறுபெயர் ஜெயசீலன்’ என்று போட்டார்கள்.

அதன்பிறகு பணியாளர் அதிகாரி மிருதுளா ஒரு கூட்டம் போட்டாள். முப்பது வயதுக்குள் இருப்பாள். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லப் படித்தவள்.

“உங்க எல்லாருக்கும் ஒரு குட் நியூஸ். நம்ம கம்பெனியில நைட் ஷிஃப்ட்டே இனிமே கிடையாது!”

வேலையே போச்சா என்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வேலை நேரம் அதேதான். ஆனா அது உங்களுக்கு நைட் இல்லையே? உங்க உடம்புக்கு அது பட்டப்பகல். டாக்டர் ரிப்போர்ட் இருக்கு. பகல்ல வேலை செய்யறவங்களுக்கு ராத்திரிக்கான ஏற்பாடெல்லாம் எதுக்கு?”

அடுத்த வாரம், ராத்திரி வேலைக்கென்று நடுவில் கொடுத்து வந்த ஓய்வு நின்றது. பாலும் முட்டையும் நின்றன. தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ் போனது. வீட்டு வாசல் வரை வந்த பஸ் மெயின் ரோட்டோடு நின்றுகொண்டது. பெண்களும் அங்கிருந்து நடந்துதான் போக வேண்டும். அவர்களுக்குப் பகல் அல்லவா? தெருநாய்களுக்கு மட்டும் ஊசி போடாததால் அவை ராத்திரி என்றே நினைத்துத் துரத்தின.

கன்னியப்பன் விஷயத்தைத் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனார். கம்பெனிக்குச் சாட்சி தேவைப்பட்டது. டாக்டர் ரகோத்தமன் ஜெயசீலனைக் கூப்பிட்டார்.

“பொய் சொல்ல வேண்டாம் ஜெயசீலன். ராத்திரியில உங்களுக்கு எப்படி இருக்குன்னு உண்மையைச் சொன்னாப் போதும்.”

டாக்டர்தான் தன் உயிரைக் காப்பாற்றினார் என்று ஜெயசீலன் நம்பினான். அது பொய்யும் இல்லை. காலை பதினோரு மணிக்குக் கூண்டில் நின்று, இமைகளை விரலால் தூக்கிக்கொண்டு, “எனக்கு அது பகல் மாதிரிதாங்க இருக்குது” என்றான்.

தீர்ப்பாய அதிகாரி ஜெபமணி அம்மையார் கண்டிப்பானவர். இரு தரப்பையும் கேட்டார். ‘இரவு என்பது சுவர்க் கடிகாரத்தில் இல்லை, தொழிலாளியின் உடம்பில் இருக்கிறது’ என்று எழுதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். கம்பெனி அந்த வரியைத் தன் காலண்டரில் அச்சடித்துக்கொண்டது. கன்னியப்பன் ஜெயசீலனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கிரேனுக்குக் கீழேயே ராத்திரி முழுக்க நின்று வேலை பார்ப்பார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். கையால் மட்டும் ஏற்று, இறக்கு என்று காட்டுவார். ஜெயசீலனுக்கு அது சர்க்கரையைவிடப் பெரிய நோவாக இருந்தது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பக்கத்து ஏரி முழுவதும் சூரியத் தகடு பதித்ததில், பகல் மின்சாரம் ராத்திரி மின்சாரத்தைவிட மலிவாகிவிட்டது.

மிருதுளா மறுபடி கூட்டம் போட்டாள். இந்தத் தடவை லட்டும் இருந்தது.

“அடுத்த மாசத்துல இருந்து எல்லாருக்கும் பகல் வேலை! இனிமே நீங்க குடும்பத்தோட இருக்கலாம்!”

ஆட்கள் விசில் அடித்தார்கள். ஜெயசீலன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னான். நிரோஷா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இனியா, “அப்பா, ஆண்டு விழாவுக்கு வருவியா?” என்றாள். “முன் வரிசையில உக்காருவேன்” என்றான். அவர்கள் யாருக்கும் ஊசி ஞாபகம் வரவில்லை. சந்தோஷத்தில் அதெல்லாம் வராது.

கன்னியப்பனுக்கு வந்தது. டாக்டரிடம் போய் நின்றார்.

“முள்ளைப் பழையபடி திருப்பி வுட்டுடுங்க டாக்டர்.”

ரகோத்தமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு தடவைதான் கை வைக்க முடியும் கன்னியப்பன். ரெண்டாவது தடவை தொட்டா முள்ளு நின்னுடும். அப்புறம் சரியாத் தூங்கவும் முடியாது, சரியா முழிச்சிருக்கவும் முடியாது.”

“அப்ப பகல்ல நாங்க இன்னா பண்றது?”

“ஜன்னலைத் திறந்து வெயில்ல கொஞ்சம் நில்லுங்க. காப்பியைக் குறைச்சுக்குங்க. கவலைப்படாதீங்க. நலவாழ்வு வகுப்புக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லியிருக்கேன்.”

பகல் வேலை ஆரம்பமானது. ஊசி போட்ட உடம்புக்கு அது சுத்தமான ராத்திரி வேலை. அதுவும் பழைய ராத்திரி வேலையைவிடக் கொடியது. முன்பு மேஸ்திரியை ஏமாற்றலாம். வெளிச்சத்தைக் காட்டிக் கொஞ்சம் சமாளிக்கலாம். இப்போது மேஸ்திரி கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உச்சி வெயிலைக் காட்டினாலும் மசியவில்லை. சர்க்கரை ஏறியது. நெஞ்செரிச்சல், கோபம் எல்லாம் பழைய விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தன. ஜெயசீலன் இப்போது ராத்திரி முழுக்க வீட்டில்தான் இருந்தான். மனைவியும் மகளும் பக்கத்தில் அயர்ந்து தூங்க, அவன் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தான். ஆசைப்பட்டபடி குடும்பத்தோடு இருந்தான்.

ஆண்டு விழாவுக்கும் போனான், முன் வரிசையில் உட்கார்ந்தான். இனியா மேடையில் ஆடி முடித்து இறங்கி வந்தபோது வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் எழுப்பவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் வாயை மெல்ல மூடிவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம், சாப்பாட்டு மணி அடித்துச் சற்றுநேரம் கழித்து, கிரேனில் கண்ணாடி அடுக்கு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கன்னியப்பன் நின்று, நிறுத்து என்று கையைக் காட்டினார். ஜெயசீலன் அந்தக் கையைப் பார்த்தான். பார்த்தது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவிருப்பது சத்தம்தான். கண் திறந்தபோது தரையெல்லாம் கண்ணாடித் தூள் மின்னியது. கன்னியப்பன் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க ரத்தம். ஆம்புலன்ஸ் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது.

இரண்டு விரல்கள் போயின.

பட்டப்பகலில் வேலை நேரத்தில் தூங்கி, சக தொழிலாளிக்குக் காயம் ஏற்படுத்தியதாகச் சொல்லி, கம்பெனி ஜெயசீலனை வேலையைவிட்டு நீக்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போக அவனுக்குத் துணிவு வரவில்லை. நிரோஷாதான் இழுத்துக்கொண்டு போனாள். சாயங்கால நேரம். கன்னியப்பன் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஜெயசீலன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கன்னியப்பன்தான் பேசினார். இரண்டு வருடத்துக்கப்புறம் பேசினார்.

“இன்னாடா சீலா, மூஞ்சி இப்பிடி வத்திப்போச்சு?”

“அண்ணே… நான்…”

“நீ தூங்குனன்னு எனக்கும் தெரியும். நான் மட்டும் முழிச்சிருந்தனா? முழிச்சிருந்தா நகர்ந்திருப்பனே. கையைத் தூக்கிக் காட்டிட்டு அப்பிடியே நின்னுக்கினே தூங்கிட்டேன்டா. கண்ணாடி வுழுந்துதான் முழிப்பே வந்துது.”

ஜெயசீலன் குலுங்கி அழுதான்.

“அழுவாத. ஒண்ணு பண்ணு. அன்னிக்குக் கம்பெனிக்காகப் போய்ச் சாட்சி சொன்னியே, அந்தம்மா கிட்ட? இப்ப உனக்காகப் போய்ச் சொல்லு. அதே உடம்பு, அதே வாய்.”

வழக்கு அதே ஜெபமணி அம்மையாரிடம்தான் வந்தது. அதே பதினோரு மணி. கம்பெனி வக்கீல் வேதகிரி கனத்த சரீரத்தோடு எழுந்தார். அவருக்குப் பின்னால் மிருதுளாவும் டாக்டர் ரகோத்தமனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ரொம்ப எளிமையான விஷயம் மேடம். சூரியன் தலைக்கு மேல இருக்கு. இவர் கிரேன்ல தூங்கியிருக்கார்.”

“வக்கீல் சார், இரவுங்கிறது தொழிலாளியோட உடம்புல இருக்குன்னு இந்த மன்றம் சொல்லியிருக்கு. அதுக்காக வாதாடினதே நீங்கதான்,” என்றார் அம்மையார்.

“அது இரவு வேலையைப் பத்தினது மேடம். இது பகல் வேலை.”

“எது பகல்?”

“மேடம், ஜன்னல் வழியாப் பாருங்க.”

“அன்னிக்கு ஜன்னலைப் பார்க்கக் கூடாது, உடம்பைப் பார்க்கணும்னீங்க.”

“அந்தந்தச் சூழ்நிலைக்குத் தகுந்த மாதிரி…”

அம்மையார் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, “ஜெயசீலன், நீங்க சொல்லுங்க” என்றார்.

கூண்டிலிருந்து பதில் வரவில்லை. ஜெயசீலன் கம்பியைப் பிடித்தபடி, தலை தொங்க, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

“பார்த்தீங்களா மேடம்! இதுதான் இவர் வேலை பார்க்கிற லட்சணம்!” என்று வேதகிரி கூவினார்.

பின் வரிசையிலிருந்து நிரோஷா எழுந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

“அம்மா, நான் அவரு சம்சாரம். எழுப்புனா எழுந்துக்குவாரு. கேட்டா எதையாச்சும் சொல்லுவாரு. ஆனா இன்னா சொல்றார்னு அவருக்கே தெரியாது. அவருக்கு இப்ப நடு ராத்திரிம்மா. போன தபா சாட்சி சொன்னப்பவும் இப்பிடித்தான் சொன்னாரு.”

ஜெபமணி அம்மையார் மேஜைமீது இருந்த தன்னுடைய பழைய தீர்ப்பை ஒருமுறை பார்த்தார். தூக்கத்தில் உளறிய ஒருவனின் வார்த்தையின்மேல் அதை எழுப்பி நிறுத்தியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. முகம் சிவந்தது.

“உட்காரும்மா,” என்றார். குரல் தணிந்திருந்தது. பிறகு வக்கீல் பக்கம் திரும்பினார். “சாட்சி முழிச்சிருக்கிற நேரத்துல விசாரிக்கிறதுதான் நியாயம். நாளையில இருந்து தினமும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மன்றம் கூடும். விசாரணை முடியற வரைக்கும்.”

வேதகிரிக்கு வியர்த்துவிட்டது. “ராத்திரி பன்னெண்டா? மேடம், எனக்குச் சர்க்கரை இருக்கு. பிரஷர் இருக்கு. ராத்திரி எல்லாம் முழிச்சிருந்தா மனுஷன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

அம்மையார் எழுத்தரைப் பார்த்தார். “கம்பெனி தரப்பு வக்கீல் இப்ப சொன்னதை அப்படியே பதிவு பண்ணிக்குங்க. ஒரு வார்த்தை விடாம.”

“மேடம், நான் அந்த அர்த்தத்துல…”

“பயப்படாதீங்க சார். உங்க டாக்டர் பக்கத்துலதானே உக்காந்திருக்கார். ஒரே ஒரு ஊசி. அப்புறம் உங்களுக்கு அது பட்டப்பகல்.”

வேதகிரி திரும்பி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

“டாக்டரும் வரணும். பணியாளர் அதிகாரியும் வரணும்,” என்றார் அம்மையார்.

மிருதுளா எழுந்தாள். முதன்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “மேடம், நைட்ல நான் தனியா எப்படி வர்றது? எங்க ஏரியாவுல தெரு விளக்குகூட இல்லை.”

“கம்பெனி பஸ் இருக்குமேம்மா?”

“அது… மெயின் ரோடு வரைக்கும்தான் வரும் மேடம்.”

யாரும் சிரிக்கவில்லை. கூண்டிலிருந்து மட்டும் மெல்லிய குறட்டை வந்தது.

அந்த ராத்திரி விசாரணை நடக்கவே இல்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் கம்பெனி சமாதானத்துக்கு வந்துவிட்டது. எத்தனையோ ராத்திரிகளை எத்தனையோ பேரிடம் வாங்கிக்கொண்டவர்கள், தங்களுடைய ராத்திரியில் ஒன்றைக்கூடக் கொடுக்க மனமில்லாமல் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெயசீலனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கன்னியப்பனின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஓய்வு, பால், முட்டை, ஆம்புலன்ஸ், வாசல்வரை பஸ் எல்லாம் திரும்பி வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி போட்டுக்கொண்ட யாரையும் இனிமேல் பகலில் வேலை வாங்குவதில்லை என்று முடிவானது.

சாயங்காலம் கேட்டுக்கு முன்னால் சரவெடி வெடித்தார்கள். கன்னியப்பன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கோஷம் போட்டார். ஜெயசீலனைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள். சாயங்காலம் ஆகியிருந்ததால் அவனும் நல்ல விழிப்போடு ஆடினான். ஒரு பொட்டலம் ஜிலேபியோடு வீட்டுக்கு வந்தான்.

நிரோஷா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இனியா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சிட்டோம்!” என்றான்.

“தெரியும். தெரு முழுக்க வெடிச் சத்தம். இன்னா குடுத்தாங்க?”

“வேலை திரும்ப வந்துடுச்சு. அப்புறம்… ராத்திரி ஷிஃப்ட்டு.”

அவள் கீரைத் தண்டை ஒடிப்பதை நிறுத்தினாள். “எத்தினி நாளைக்கு?”

“ஆயுசுக்கும்.”

நிரோஷா முதலில் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ வழி தவறிப்போய், அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெயசீலன் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை எடுத்து ஆயத் தொடங்கினான். இலையை எறிந்து தண்டை வைத்தான். அவள் பிடுங்கிச் சரிசெய்தாள்.

“மத்தியானம் அந்த மிருதுளா பொண்ணு போன் பண்ணுச்சு,” என்றாள் கீரையை ஆய்ந்தபடியே. “சிரிச்சிக்கினே பேசுது. குடும்பத் திட்டமாம். எனக்கும் இனியாவுக்கும் சும்மாவே ஊசி போட்டுடறாங்களாம். அப்புறம் வீடே ஒரே நேரத்துல தூங்கி ஒரே நேரத்துல எழுந்துக்கலாமாம். ராத்திரியில பள்ளிக்கூடம்கூடத் தொறக்கப் போறாங்களாம். வீட்டுக்கு வந்து வெவரமா எடுத்துச் சொல்றேன், எப்ப வரட்டும்னு கேட்டுச்சு.”

ஜெயசீலன் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. மகள் பக்கம் பார்த்தான். இனியா பென்சிலைக் கடித்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“நீ இன்னா சொன்ன?”

“வாங்க மேடம், ராத்திரி பன்னெண்டு மணிக்கு நடந்து வாங்கன்னு சொன்னேன்.”